செகசிற்பியார்: ஓர் ஆங்கிலப் பெயரின் ஒலியசைப் பிரிப்பு

ஒரு மொழியின் சொல் பிறிதொரு மொழியினர் நாவிலே புகுங்கால் இரண்டில் ஒன்று நிகழ்தல் வேண்டும். சொல்லுக்கேற்ப நா வளைதல் வேண்டும். அன்றேல் நாவுக்கேற்பச் சொல் வளைதல் வேண்டும். இவ்விரண்டும் முறையே. எவ்விடத்தில் எது முறை என்பதை மாணாக்கருக்குத் தெளிவுறுத்தாமையே வகுப்பறையில் நிகழும் வீண் வருத்தங்கள் பலவற்றிற்குக் காரணம். கல்லூரியின் விழா மலருக்கென எழுதப் புகுந்த யாம் இப்பொருளைப் பரந்துபட விரிக்க எண்ணவில்லை. ஒரே ஒரு பெயரை எடுத்து, அதனைப் பிரித்தும் கூட்டியும் பார்ப்போம். அது ஆங்கிலப் பெரும்புலவர் ஷேக்ஸ்பியரின் பெயர்.

இப்பெயரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. கல்முனைக்குத் தெற்கே, சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையே கிடக்கும் காரைதீவிலே 1892ஆம் ஆண்டு மயில்வாகனம் என்னும் பிள்ளை பிறந்தது. அப்பிள்ளையே பின்னாளில் விபுலாநந்த அடிகள் ஆயிற்று. கல்முனையிலும் மட்டக்களப்பிலும் ஆங்கிலம் கற்று, கொழும்பிலே ஆசிரியர் பயிற்சி பெற்று, இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டமும் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதப் பட்டமும் பெற்றவர் அடிகள். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியர் பதவியை முதன்முதல் ஏற்றவரும் அவரே. 1926இல் வெளிவந்த மதங்க சூளாமணி என்னும் நாடக நூலிலே அவர் ஆங்கிலப் புலவரைச் செகசிற்பியார் என்று அழைத்தார். ஆங்கிலப் பெயரை ஒழுங்காக ஒலிக்க அறியாமையால் அவ்வாறு எழுதினார் என்று எவரும் சொல்லார். அறிந்தே செய்தார். அவர் செய்தது யாது என்று காண்பதற்கு முன், அப்பெயர் ஆங்கிலர் வாயில் எவ்வாறு நிற்கின்றது என்று காணல் வேண்டும்.

முதலில் எண்ணுவோம். ஆங்கிலத்தில் இப்பெயருக்கு எழுத்து 11. அவற்றுள் உயிரெழுத்து 5. ஆயினும் ஆங்கிலர் சொல்லுங்கால் செவியில் விழும் உயிரொலி 2 மாத்திரமே. எழுத்தைப் பார்த்து எண்ணும் பிள்ளை ஐந்து என்னும்; ஒலியைக் கேட்டு எண்ணும் பிள்ளை இரண்டு என்னும். பின்னையதே சரி. ஆங்கிலத்தில் எழுத்து ஒரு வழியும் ஒலி ஒரு வழியும் செல்லும். முற்பகுதியின் ஈற்றில் நிற்கும் உயிரெழுத்து ஊமை. சொல்லின் கடைசியில் நிற்பதும் ஊமை. நடுவில் இரண்டு உயிரெழுத்துக்கள் சேர்ந்து நின்று ஒரே ஒலியைத் தருகின்றன. ஐந்திலே மூன்று இவ்வாறு கழிந்தன.

ஓர் உயிரொலியும் அதனைச் சூழ்ந்த மெய்யொலிகளும் ஒரே மூச்சில் ஒருங்கெழும் கூற்றினை ஆங்கில இலக்கணகாரர் சிலபிள் என்பர். நம் நூல்களிற் பல இதனை அசை என்று பெயர்க்கின்றன. இப்பெயர்ப்பிலே ஒரு பொறி உண்டு. யாப்பருங்கலக்காரிகை கற்ற மாணாக்கன் அசை என்றதும் நேரையும் நிரையையும் நினைப்பான். நேரசையில் உயிர் ஒன்று, நிரையசையிலோ இரண்டு. 'மணி' என்னும் சொல் நமக்கு ஓர் அசையே. காசினைக் குறிக்கும் 'மனி' என்னும் ஆங்கிலச் சொல் ஏறத்தாழ அதே ஓசையினது. ஆயினும் அது ஆங்கிலர்க்கு இரண்டு சிலபிள். நன்றாகத் தமிழ் கற்ற பிள்ளை 'ஒன்று' என்று விடை எழுதிப் புள்ளி இழப்பதும், தமிழைப் பொருட்படுத்தாத பிள்ளை 'இரண்டு' என்று எழுதிப் புள்ளி பெறுவதும் இதனாலேயே. குற்றம் பிள்ளையினது அன்று, சொல்லினது. ஆதலின் ஆங்கிலத்துக்குரிய கூற்றினை ஒலியசை என்றும், யாப்புக்குரியதை வாளா அசை என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம்.

அற்றேல், ஒலியசையை எண்ணும் வழக்கம் தமிழில் இல்லையோ எனின், உண்டு. கட்டளைக் கலித்துறை பாடும் புலவன் ஒவ்வோர் அடியிலும் ஒற்றினை நீக்கி எழுத்தெண்ணுகின்றான். அடி நேரசையிற் றொடங்கினால் எழுத்து 16. நிரையசையிற் றொடங்கினால் 17. கந்தரலங்காரமும் அபிராமி அந்தாதியும் அக்கணக்கில் அமைந்தவை. ஒற்று நீங்கியபின் எஞ்சும் எழுத்து ஒவ்வொன்றும் உயிராகவோ உயிர்மெய்யாகவோ இருத்தலின், அந்த எண்ணிக்கை ஒலியசையின் எண்ணிக்கையே. எம் வகுப்பிலே ஆங்கிலச் சொல்லின் ஒலியசையை எண்ணப் பிள்ளைகளுக்கு இவ்வழியையே காட்டி வருகின்றோம். கேட்டவாறு தமிழெழுத்தில் எழுது, புள்ளி பெற்ற மெய்யையெல்லாம் அடி, எஞ்சியதை எண்ணு. 'பென்சில்' என்பதில் எஞ்சுவன பெ, சி என்னும் இரண்டு. 'யூனிவர்சிற்றி' என்பதில் யூ, னி, வ, சி, றி என்னும் ஐந்து. இரண்டும் ஆங்கில அகராதியோடு ஒத்து வரும்.

ஷேக்ஸ்பியர் என்று எழுதி அடித்தால் மாத்திரம் ஷே, பி, ய என மூன்று எஞ்சும். ஆங்கிலர்க்கோ இரண்டு. வழி தவறிற்றோ? இல்லை. நம் ஐகாரத்தையும் ஔகாரத்தையும் நினைத்துப் பார்க்க. 'ஐ' என்பதில் அகரமும் இகரமும் கலந்து ஒலிப்பினும் நாம் அதனை ஓர் எழுத்தாகவே கொள்கின்றோம். அவ்வாறு கலந்து வழுக்கும் உயிர்கள் ஆங்கிலத்தில் மிகுதி. 'இய' என்று நாம் இரண்டெழுத்தால் எழுதுவது அவர்க்கு ஒரே உயிர். அதற்கென ஓர் எழுத்து நம்மிடம் இல்லாமையால் வந்த மிகை இது. இவ்விடத்தைப் பிள்ளைகளுக்குத் தனியே சுட்டிவிட்டால் போதும்.

இனித் தமிழ் நாவின் சட்டத்திற்கு வருவோம். உயிர், மெய் என்று நம் முன்னோர் இட்ட பெயர்களே சட்டத்தைச் சொல்லிவிடுகின்றன. உயிரின்றி மெய் இயங்காது. மருதமுனைத் தறியைப் பார்த்தவர் அறிவர்: பாவு நூல் எத்துணை நெருங்கி நிற்பினும் ஊடை குறுக்கே ஓடாது துணி இல்லை. தமிழ்ச்சொல்லின் முதலில் இரண்டு மெய் ஒருங்கே நில்லா. சொல்லின் இறுதியில் வல்லின மெய் ஆறில் ஒன்றும் நில்லாது. இடையிலே மெய்கள் கூடும். ஆயினும் எது எதனோடு கூடும் என்பதற்குத் தொல்காப்பியர் வரம்பு கட்டிவைத்துள்ளார். ஆங்கிலமோ ஓர் உயிரைச் சுற்றி மெய்களை அடுக்கும். வலிமைகள் என்னும் பொருளுடைய 'ஸ்ட்ரெங்த்ஸ்' என்னும் சொல்லில் உயிர் ஒன்றே. முன்னே மூன்று மெய், பின்னே மூன்று மெய். அது முழுவதும் ஒரே ஒலியசை. நம் பிள்ளை அதனைக் கேட்டவுடன் இடையிடையே இகரமும் உகரமும் பெய்து நான்கைந்து ஒலியசையாக்கும். இது சோம்பல் அன்று; நா தன் தாய்மொழியின் இலக்கணத்தைப் பிழையறக் கடைப்பிடிப்பதாம்.

இஃது இன்று நேற்று வந்ததும் அன்று. இராமன் என்பதில் இகரம் முன் வந்தது. இலக்ஷ்மணன் கம்பநாடர் வாயில் இலக்குவன் ஆனான். அரபுச் சொற்கள் வந்தபோதும் அதுவே நிகழ்ந்தது. மூன்று ஒலியசையுடைய முஹம்மத் என்னும் திருப்பெயர் முகம்மது என நான்காயிற்று. இறுதியில் வந்தது குற்றியலுகரம். உமர் என்னும் பெயரைத் தாங்கிய புலவரை உமறுப் புலவர் என்றே உலகம் அறியும். கோட்டாற்றுச் சதாவதானியார் செய்குத்தம்பிப் பாவலர். 'ஷைக்' என்னும் ஓரொலியசைச் சொல் அங்கே 'செய்கு' ஆகி இரண்டொலியசை பெற்றுள்ளது. இச்செய்கு என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க, பின்னர் வேண்டப்படும்.

இப்போது செகசிற்பியார் என்பதைப் பிரிப்போம். செ, க, சிற், பி, யார். இரண்டு ஒலியசையோடு வந்த விருந்தினர் ஐந்து ஒலியசையோடு திரும்புகின்றார். ஆங்கிலப் பெயரிற் செவிக்குப் புலனாகும் மெய்களை வரிசையாக நிறுத்துக: ஷகரம், ககரம், ஸகரம், பகரம், ரகரம். அடிகள் படைத்த பெயரில் அவற்றை வரிசையாகத் தேடுக: ச, க, ச, ப, ர். ஒன்றேனும் இழக்கப்படவில்லை, ஒன்றேனும் இடம் மாறவில்லை. மெய் நெருங்கி நின்ற இடங்களில் உயிர் புகுந்தது. ஷகரமும் ஸகரமும் சகரமாயின. வேண்டுமிடத்து ஒரு றகர ஒற்றும் ஒரு யகரமும் வந்தன. அவ்வளவே. சிற்பி என்பதில் றகர ஒற்றின்பின் பகரம் வருதல் தொல்காப்பியர் உடன்பட்ட கூட்டமே. அலகிட்டுப் பார்த்தால் செக நிரை, சிற் நேர், பியார் நிரை; புளிமாங்கனி. வஞ்சிப்பாவிலே தடையின்றி அமரத்தக்க சீர்.

பொருளும் வந்து சேர்ந்தது. செகம் உலகம், சிற்பி அதனைச் செதுக்குவோன். வேறு சிலர் அப்புலவரைச் செகப்பிரியர் என்றும் எழுதுவர். உலகுக்கு இனியவர் என்பது அதன் பொருள், இனிய பெயரே. ஆயினும் அதிலே இடையில் நின்ற சகரம் காணாமற் போயிற்று. மூலத்தில் ஒரு முறையே வந்த ரகரம் இரு முறை வந்துள்ளது. ஒலிக்கணக்கில் அடிகளின் பெயரே நெருங்கியது என்பது எம் துணிபு.

ஆங்கிலப் பெயருக்கும் சொந்தப் பொருள் உண்டு. 'ஷேக்' என்றால் அசைத்தல். 'ஸ்பியர்' என்றால் ஈட்டி. வேலை அசைப்பவன் என்பது சொற்பொருள். முருகன் பெயரைத் தாங்கிப் பிறந்த மயில்வாகனனார் வேலைக் கைவிட்டு உளியை எடுத்தது வியப்பே! 1609ஆம் ஆண்டு அப்புலவரின் பதினான்கடிப் பாடல்கள் அச்சேறியபோது நூல்முகப்பிலே அவர் பெயரை இரண்டாகப் பிளந்து, நடுவே சிறு கோடிட்டு அச்சிட்டார்கள். கோடு ககரப் பகுதிக்கும் ஸகரப் பகுதிக்கும் இடையே விழுந்தது. இன்றைய அகராதிகளும் ஒலிப்பைக் காட்டுங்கால் அவ்விடத்திலேயே பிரிக்கின்றன: ஷேய்க் | ஸ்பியர். புலவரோ தம் பெயரை எழுதுவதில் இத்துணைக் கவலை கொண்டவர் அல்லர். அவர் கையெழுத்தென்று ஐயமின்றி ஏற்கப்பட்டவை ஆறு. அவற்றுள் ஒன்றேனும் இன்று நாம் எழுதும் எழுத்துக்கூட்டலில் இல்லை. எழுத்துக்கூட்டலுக்காகப் பிள்ளைகளை அடிக்கும் ஆசிரியர் எவரேனும் இன்னும் இருப்பின் இதனை அறிந்துகொள்வது நன்று.

சிற்பி என்பதிலுள்ள றகர ஒற்றைப் பற்றி இங்கே ஒரு சொல். றகரமும் னகரமும் நாநுனி அண்ணத்தை ஒற்றப் பிறப்பன என்றும், ரகரமும் ழகரமும் நாநுனி அண்ணத்தை வருடப் பிறப்பன என்றும் தொல்காப்பியர் பிரித்தார். ஒற்றும் றகரத்தை 'காற்று', 'நேற்று' என்னும் சொற்களில் ஈழத்தார் இன்றும் ஒற்றியே ஒலிக்கின்றனர். ஆங்கிலரின் 'ற்' ஒலியும் மேற்பல்லின் பின்னேயுள்ள அவ்விடத்திலேயே பிறப்பது. அதனாலேதான் நாம் மீற்றர், லீற்றர், பற்றரி என எழுதி வருகின்றோம். தமிழகத்தார் மீட்டர், பேட்டரி என்று நாவைப் பின்னே மடித்து ஒலிப்பர். அது அவர் வழக்கு. தொலைக்காட்சி கண்டு வளர்ந்த பிள்ளைகள் சிலர் 'மீற்றர்' என்பதைப் பிழையென்று அடித்துவிட்டு 'மீட்டர்' என்று திருத்துவதை எம் கொப்பித் திருத்தங்களிற் கண்டுள்ளோம். அவர்கள் அடித்தது பிழையை அன்று. ஆங்கிலத்துக்கும் தொல்காப்பியத்துக்கும் ஒருங்கே நெருங்கிய ஒலியை. இதிலும் ஒலியசைப் பிரிப்பு ஒன்று உண்டு. ஆங்கிலர் 'மீ' என்று நிறுத்தி அடுத்த ஒலியசையிலே அம்மெய்யைத் தொடங்குவர். தனி றகரம் இரண்டு உயிருக்கிடையே நமக்கு வேறொலி ஆகிவிடும். ஆதலின் நாம் மீற் என மூடி, றர் எனத் திறக்கின்றோம். ஒரு மெய் இரட்டித்தது எழுத்துக்காக அன்று, ஒலியைக் காப்பதற்காகவே.

இதுகாறும் சொன்னது சொல் வளைந்த வரலாறு. இனி நா வளையவேண்டிய இடம். தமிழிலே பேசுங்கால் செகசிற்பியார் என்பதில் இழுக்கு ஏதும் இல்லை. ஆங்கில தினப் போட்டியிலே ஆங்கிலத்தில் பேசுங்கால் அவ்வாறு சொல்லல் ஆகாது. அங்கே இரண்டு ஒலியசைதான்.

அயலிலுள்ள பாடசாலை ஒன்றிலே, முஸ்லிம் சிறுமி ஒருத்தி, எட்டாந் தரத்தில் பயில்பவள், மேடையேறி ஆங்கிலத்திற் பேசத் தொடங்கினாள். முதல் வாக்கியத்திலேயே அப்பெயர் வந்தது. 'செக்கிசுப்பியர்' என்றாள். முன்வரிசையில் இருந்த பெரியோர் சிலர் சிரித்தனர். அவள் முடித்துவிட்டுத்தான் இறங்கினாள். ஆயின் அதன்பின் வகுப்பிலே ஆங்கிலத்தை வாய்விட்டு வாசிக்க மறுத்தாள். எழுத்துப் பரீட்சையிலே முதல் மூவருள் ஒருத்தி அவள். சிங்கள மாணவர் ஆங்கிலத்தைக் 'கடுவ' என்று குறிப்பாற் சுட்டுவதுண்டு. வாள் என்பது அதன் பொருள். வாளால் வெட்டுண்டது யார் என்பது அன்று எமக்கு விளங்கிற்று.

அவளைச் சிரித்தவர்கள் அறியாத செய்தி ஒன்று உண்டு. அதே சிறுமி அரபு எழுத்துக்களை அவற்றின் பிறப்பிடம் பிசகாது ஓதப் பயின்றவள். அவ்வோதற் கலையில் எழுத்துப் பிறக்கும் இடத்தை மக்ரஜ் என்பர். தொண்டை, அண்ணம், பல், இதழ் என இடம் பிரித்து, ஒவ்வோர் எழுத்தாக ஆசிரியர் முன் ஒலித்துக் காட்டித் திருத்தம் பெறுவர். நம் தொல்காப்பியத்துப் பிறப்பியலைப் படிக்குந்தோறும் எமக்கு அக்கலை நினைவுக்கு வரும். இரண்டும் வேறு வேறு நிலத்தில் தோன்றி ஒரே செயலைச் செய்வன. திருக்குர்ஆனிலே கத்ர் என்னும் அத்தியாயம் ஐந்து வசனங்களை உடையது. நிறுத்தி ஓதுங்கால் அவ்வசனங்கள் கத்ர், கத்ர், ஷஹ்ர், அம்ர், ஃபஜ்ர் என இரட்டை மெய்யிலேயே முடியும். இடையில் உயிர் நுழையலாகாது. அச்சிறுமி அதனைப் பிசகின்றி ஓதுவாள். அவளே வீட்டிற்கு வந்து, தொழுகை வேளையைச் சொல்லுங்கால், அஸ்ர் என்னாது 'அஸர்' என்பாள்; பள்ளிவாசல் நேரசூசியும் அஸர், லுஹர் என்றே அச்சிடும். ஓதலில் ஓர் ஒலியசை, பேச்சில் இரண்டு. ஒரே நா, ஒரே நாள், இரண்டு சட்டம். அவளால் மெய்களை அடுக்க இயலாது என்பது எங்ஙனம் பொருந்தும்? தமிழில் அடுக்கலாகாது என்றும் அரபில் அடுக்கலாம் என்றும் அவள் நா முன்னரே அறியும். ஆங்கிலத்திலும் அடுக்கலாம் என்று யாரேனும் அவளுக்குச் சொல்லியிருத்தல் வேண்டும்.

ஆங்கில ஆசிரியரோடு கலந்து யாம் கையாண்ட முறை இது. முதலில் 'செய்கு' என்பதை எடுத்தோம். இக்கரையிலே செய்கு என்னும் அடைமொழி தாங்கிய பெயர்களை அறியாத பிள்ளை இல்லை. அதன் மூலமாகிய 'ஷைக்' என்பதை ஓதும் முறைப்படி ஒலிக்கச் சொன்னோம். ஈற்று உகரம் உதிர்ந்தது. ஆங்கிலப் பெயரின் முதல் ஒலியசையாகிய 'ஷேய்க்' என்பதற்கும் இதற்கும் இடைவெளி சிறிதே. தொண்டையில் உரசும் அரபுக் ககரத்தை மெல்லண்ணத்தில் மூடும் தமிழ்க் ககரமாக மாற்றினால் போதும். அரபு நாடுகளிலே ஷேக்ஸ்பியர் உண்மையில் ஷைக் ஸுபைர் என்னும் அரபியரே என்று ஒரு நெடுநாள் வேடிக்கை உண்டு. வேடிக்கையாயினும் ஒலியிலக்கண மாணாக்கனுக்கு அதில் ஒரு பாடம் இருக்கின்றது. 'ஸ்பியர்' என்பதன் முதலில் உள்ள இரட்டை மெய்யை அரபியர் நாவும் ஏற்கவில்லை; ஸகரத்துக்கும் அடுத்த மெய்க்கும் நடுவே உகரம் பெய்து ஸுபைர் என்றது. சொல்லின் இறுதியில் மெய்யடுக்கை ஏற்கும் அரபு, முதலில் அதனை ஏற்பதில்லை. முதலைப் பொறுத்தவரை தமிழும் அரபும் ஒரே கட்சி.

இங்கேதான் பிரிக்கும் இடம் முக்கியமாகின்றது. அகராதி சொல்லுமாறு ஷேய்க் | ஸ்பியர் என்று பிரித்துக் கற்பித்தால், இரண்டாம் ஒலியசை இரட்டை மெய்யில் தொடங்கும். பிள்ளை உடனே 'இஸ்பியர்' என்னும். இஸ்கூல் என்பது போல. ஆதலின் யாம் அகராதியைச் சிறிது ஒதுக்கி வைத்து, ஷேய்க்ஸ் | பியர் என்று பிரித்தோம். இப்போது அடுக்கு முதல் ஒலியசையின் இறுதிக்குப் போயிற்று. இறுதி அடுக்கு ஓதும் பிள்ளைக்குப் பழக்கமானது. நஃப்ஸ் என்று நிறுத்தும் நாவுக்கு ஷேய்க்ஸ் என்று நிறுத்துதல் கடினமன்று. இரண்டாம் பகுதி 'பியர்' என்று ஒற்றைப் பகரத்தில் தொடங்குவதால் அங்கும் இடரில்லை. இரண்டையும் தனித்தனியே பத்து முறை சொல்லி, பின்னர் இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்தால், ஸகரம் தானாகவே இருபக்கத்துக்கும் பொதுவாகிவிடும். கேட்பவர்க்கு அகராதி ஒலிப்பே கேட்கும்.

அரபு ஓதாத பிள்ளைகளுக்கு வேறு வாயில் உண்டு. அது தமிழிலேயே இருக்கின்றது. வாழ்ந்தான், பார்க்கிறான் என்னும் சொற்களில் ழகர ரகரங்களின்பின் ஈரொற்றாய் மெய்கள் நிற்க, மூன்றாம் மெய் உயிரேறி வருகின்றது. ழ், ந், த் என்னும் மூன்றையும் நடுவே உயிரின்றிக் கடக்கும் நா, க், ஸ், ப் என்னும் மூன்றையும் கடக்கும். முதலில் 'வாழ்ந்' என்று நிறுத்தி அடுத்துத் 'தான்' என்று சொல்லவைத்து, அதே நடையில் 'ஷேய்க்ஸ்', 'பியர்' என்று சொல்லவைத்தோம். மேற்சொன்ன சிறுமி இப்பயிற்சிக்குத் தானாக வரவில்லை; பிறர் கற்பதைக் கடைசி வாங்கிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள், 'சேர், அடுத்தது என்ன சொல்?' என்று கேட்டாள். கொடுத்தோம்: 'நெக்ஸ்ட்'. ஒலியசை ஒன்று, இறுதியில் மெய் மூன்று. சொல்லிவிட்டாள்.

அகராதிப் பிரிப்பை ஒதுக்கியதால் பகரம் கெடாதோ என்று ஆங்கில ஆசிரியர் ஒருவர் எம்மை வினாவினார். நல்ல வினா. ஆங்கிலத்தில் சொல்லின் முதலில் வரும் பகரம் மூச்சோடு வெடிக்கும். ஸகரத்தின்பின் வரும் பகரம் மூச்சின்றி ஒலிக்கும். மெல்லிய கடதாசித் துண்டை வாயின் முன் பிடித்து, ஊசியைக் குறிக்கும் 'பின்' என்னும் சொல்லை ஆங்கிலர் போலச் சொன்னால் கடதாசி ஆடும். 'ஸ்பின்' என்றால் ஆடாது. ஆகவே 'பியர்' என்று தனியே பிரித்தால் ஆங்கிலப் பிள்ளை அங்கே மூச்சை ஊதிவிடும். தமிழ்ப் பிள்ளை ஊதாது. பல், பால், பள்ளி என்று நாம் சொல்லும் பகரம் எப்போதும் மூச்சற்றதே. பிற இடங்களில் குறையென்று சொல்லப்படும் நம் பகரம், ஸகரத்தின் பின்னே முழுப்புள்ளி பெறுகின்றது. நம் பிள்ளைக்குத் தனிப்பயிற்சி வேண்டுவது 'பின்' என்பதிலேயே.

அழுத்தத்தைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். தமிழ் ஓசை மாத்திரையால் நடப்பது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை. ஆங்கில ஓசை அழுத்தத்தால் நடப்பது. இப்பெயரில் அழுத்தம் முதல் ஒலியசையின் மேல். நம் பிள்ளைகள் இரண்டையும் ஒரே எடையில் சொல்வர். சிலர் 'பியர்' என்பதை நீட்டுவர். ஷேய்க்ஸ் என்பதில் மேசையைத் தட்டி, பியர் என்பதில் தட்டாது விடுமாறு பயிற்றினால் ஓரிரு நாளில் படியும்.

இறுதி ரகரம் எஞ்சியது. எழுத்தில் அது நிற்பினும் தென்னிங்கிலாந்து வழக்கிலே, சொல் தனித்து நிற்குங்கால் அது ஒலிப்பதில்லை, ஸ்கொத்லாந்தார் ஒலிப்பர், அமெரிக்கர் பலரும் ஒலிப்பர். நம் பிள்ளைகள் ஒலித்தால் பிழையென்று கோடிடுதல் வேண்டா. ஆயின் ஒன்று கவனிக்கத்தக்கது. ரகரத்தை விழுங்கும் அத்தென்னிங்கிலாந்தாரும் அடுத்து உயிர்முதற் சொல் வருங்கால் அதனைத் திரும்ப வரவழைப்பர். 'ஷேக்ஸ்பியர் அன்ட் மில்ற்றன்' என்னுந் தொடரில் விழுங்கிய ரகரம் அகரத்தின் முன் வெளிப்பட்டு இரண்டு சொல்லையும் இணைக்கும். வருமொழி மெய்யில் தொடங்கினால் மீண்டும் மறையும். நிலைமொழி ஈற்றுயிரும் வருமொழி முதலுயிரும் நேர்ந்தவிடத்து யகர வகரங்களை உடம்படுமெய்யாக இட்டுக்கொள்ளும் நமக்கு, இதனை விளங்கிக்கொள்ள அரை நிமிடமும் வேண்டியதில்லை. பன்னிரண்டாந் தரத்து மாணாக்கருக்கு இதனைப் புணரியல் நடத்தும் நாளிலேயே, கரும்பலகையின் ஒரு மூலையில், நன்னூற் சூத்திரத்துக்குப் பக்கத்திலேயே எழுதிக் காட்டி வருகின்றோம்.